பதினேழாம் நம்பர் தயிர்

எங்கள் லேபில் ஆராய்ச்சி செய்த ஒரு மேடத்திடம் மட்டும் யாரும் "எப்படி இருக்கு?" என்று கேட்க மாட்டோம். கேட்டால் பதில் சொல்லிவிடுவார் என்ற பயம்தான். ஆபீஸில் வேலை பார்த்த ஒரு பெண் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்த அன்று, தெரியாத்தனமாக இவரிடமும் கேட்டுவிட்டாள். நாங்களெல்லாம் சரியாக நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சூப்பர் என்று சொல்லி அனுப்பிய புடவை அது. இவர் அவளை ஜன்னல் பக்கம் கூட்டிப் போய் வெளிச்சத்தில் நிற்க வைத்தார். திரும்பச் சொன்னார். அப்புறம் ட்யூப்லைட்டுக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தி, "வெயில்ல நல்லா இருக்கு, உள்ள வந்தா கொஞ்சம் மங்கலாத் தெரியுது" என்றார். அந்தப் பெண் மூன்று நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் வேறொரு புடவையில் வந்தவள், யாரிடமும் எதுவும் கேட்காமல் நேராக அந்த ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

நான் நசரத்பேட்டைப் பக்கம் உள்ள ஒரு கல்லூரியில் உணவு ஆராய்ச்சி லேப் அட்டெண்டர். கண்ணாடிச் சாமான் கழுவுவது, கிருமிக்குத் தீனி காய்ச்சுவது, ஆட்டோகிளேவ் என்கிற அந்தப் பெரிய பிரஷர் குக்கரில் எல்லாவற்றையும் வேகவைத்து இறக்குவது என் வேலை. பேர்தான் அட்டெண்டர். நான் ஒரு நாள் லீவு போட்டால் ஆராய்ச்சி மொத்தமும் லீவுதான். இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

மேடத்துக்கு அப்போது நாற்பதை ஒட்டிய வயது. என் வயதுதான். வீட்டுக்காரருக்கு ஆவடியில் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பால் பண்ணை ஒன்றில் பல வருஷம் பால் பரிசோதித்துவிட்டு, அந்த வேலையை விட்டுவிட்டு, பகுதி நேரமாக டாக்டர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தார். தயிரில் உள்ள நல்ல பாக்டீரியாக்களில் சில, உணவைக் கெடுக்கும் கெட்ட பாக்டீரியாக்களைக் கொல்லும். வீட்டுத் தயிரில் அப்படி ஒன்று கிடைத்தால், மருந்து எதுவும் கலக்காமல் பனீரையும் பால்கோவாவையும் நாலு நாள் கூடுதலாக வைத்திருக்கலாம். அதைத் தேடிப் பிடிப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. எனக்கு அவர் ஒரு மணி நேரம் விளக்கியதை நான் இங்கே மூன்று வரியில் சொல்லிவிட்டேன்.

அவர் வாயில் எப்போதும் வரும் வார்த்தை ஒன்று உண்டு. "இன்னொரு வாட்டி பாத்துடலாம்." கிருமி வளர்க்கும் இன்குபேட்டரைப் பூட்டிவிட்டுக் கீழே இறங்குவார். ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்வார். கேட் வரை போய் நிறுத்துவார். திரும்பவும் மாடியேறி வந்து வெப்பம் முப்பத்தேழு டிகிரியில்தான் நிற்கிறதா என்று பார்ப்பார். வாட்ச்மேன் அவர் போகும்போது கேட்டைச் சாத்துவதையே விட்டுவிட்டார். எப்படியும் திரும்பி வருவாங்களே, அப்புறமா சாத்திக்கலாம் என்பது அவர் கணக்கு. கேண்டீன்காரர் சாம்பார் எப்படி என்று கேட்டால், மேடம் இன்னும் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார். ஆளைக் கிண்டல் பண்ணாத வாய் எங்கள் லேபில் ஒன்றுகூட இல்லை. என் வாய் அதில் முதலாவது.

இந்தக் குணத்தால் அதிகம் கஷ்டப்பட்டவனும் நான்தான். ஒரு சோதனை முடிந்து பெட்ரி தட்டுகளில் வளர்ந்த கிருமிப் புள்ளிகளை எண்ண வேண்டும் என்றால் அவர் அப்படியே எண்ண மாட்டார். எது எந்த வீட்டுத் தயிர் என்று தெரிந்தால் கண் தனக்குப் பிடித்ததையே பார்க்கும் என்பார். அதனால் நான்தான் பெயர்ச் சீட்டுகளை உரித்து, வேறு நம்பர் ஒட்டி, சீட்டுக் கட்டுபோலக் கலைத்துக் கொடுக்க வேண்டும். எந்த நம்பர் எந்தத் தயிர் என்று எழுதிய தாள் என் சட்டைப் பாக்கெட்டில் இருக்கும். அவர் எண்ணி முடித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அதை நான் எடுக்கலாம். அதுவரை அவர் என் சட்டைப் பக்கமே பார்க்க மாட்டார்.

ஒரு முறை அந்தச் சட்டையோடு வீட்டுக்குப் போய்விட்டேன். என் மனைவி துவைத்துக் காயப்போட்டுவிட்டாள். தாள் கூழாகிவிட்டது. ஒரு வார வேலை போச்சு. மறுநாள் அந்தக் கூழை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு, வாங்கப்போகும் திட்டுக்குத் தயாராகப் போய் நின்றேன். அவர் அதைக் கண்ணாடியில் பரப்பி, ஃபேனுக்கடியில் காயவைத்து, லென்ஸ் வைத்து அரை மணி நேரம் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. சரி, திரும்பப் போடலாம் என்றார். நான் என் மனைவியின் அவசரப் புத்தியைப் பற்றி இரண்டு வார்த்தை எடுத்துவிட்டேன். "அக்காவச் சொல்லாதீங்கண்ணா. பாக்கெட்டப் பாக்காம துணியப் போட்டது நீங்க" என்றார். மறுநாள் என் பாக்கெட்டுக்கு ஒரு ஊக்கு வாங்கிவந்து கொடுத்தார்.

இதை வீட்டில் சொன்னதிலிருந்து என் மனைவிக்கு அவர் மேல் ஒரு மரியாதை. அந்தம்மா திட்டவே இல்லையா என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னோடு குடித்தனம் நடத்துகிறவள், அவளுக்கு அது ஆச்சரியமாகத்தான் இருந்திருக்கும்.

மேடம் நாற்பது வீடுகளிலிருந்து தயிர் சேகரித்தார். ஆவடி குவார்ட்டர்ஸில் பாதி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் மீதி. குவார்ட்டர்ஸில் தஞ்சாவூர்க்காரர், கோயம்புத்தூர்க்காரர், நாகர்கோவில்காரர் என்று எல்லா ஊர் உறைமோரும் உண்டு என்பதில் அவருக்கு ரொம்பப் பெருமை. வேலை முடிந்து, ஸ்கூட்டரில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார். பதினேழாவது வீடு எங்கள் வீடு.

நாங்கள் இருப்பது அம்பத்தூர் பக்கம் மேனாம்பேட்டில். அப்பா கூலிக்கு நாற்று நட்ட வயலிலேயே இன்று எங்கள் தெரு இருக்கிறது. அவர் பிறகு தொழிற்பேட்டையில் லோடு ஏற்றினார், நான் லேபில் குடுவை கழுவுகிறேன். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற அம்மா ஒருத்தர் எங்கள் வீட்டுத் தயிரைக் கேட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அது ஒரு வெள்ளிக்கிழமை. விளக்கு வைத்த நேரம். என் மனைவி நெற்றியில் குங்குமத்தோடு வந்து அவரை உட்காரவைத்தாள். ஃபேனைப் போட்டாள். காபி கொடுத்தாள். பிறகு பாட்டிலை வாங்கிக்கொண்டு உள்ளே போனவள் வர ரொம்ப நேரமாயிற்று. வரும்போது பாட்டில் கழுத்துவரை தயிர் இருந்தது. மேடம் மூடியில் டேப் ஒட்டி, பதினேழு என்று எழுதி, ஐஸில் வைத்துக்கொண்டு கிளம்பினார். போகும்போது என் மனைவியிடம், தயிர் நல்லா இறுகலா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். பார்த்துத்தான் சொன்னார். அதை நான் ஊர் முழுக்கச் சொன்னேன்.

நாற்பது பாட்டிலில் ஜெயித்தது பதினேழுதான். தட்டு முழுக்கக் கெட்ட கிருமியை வளர்த்து, நடுவில் சின்னக் குழி எடுத்து, அதில் நம் பாக்டீரியா வளர்ந்த சாற்றை ஊற்றுவார்கள். அது கெட்டதைக் கொன்றால் குழியைச் சுற்றித் தெளிவாக ஒரு வளையம் விழும். மற்ற பாட்டில்களுக்கு வளையமே இல்லை, இருந்தாலும் பேருக்கு ஒரு கீற்று. பதினேழுக்கு எட்டணாக் காசு அகலத்துக்கு வளையம். லேபே கூடிவிட்டது. மேடம் மட்டும், வெறும் புளிப்பே கொன்றிருக்கலாம் என்று சொல்லி, சாற்றிலிருந்த புளிப்பை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டார். வளையம் இருந்தது. மூன்றாம் முறை, புரதத்தை வெட்டித் தின்னும் நொதியைக் கலந்து போட்டார். மறுநாள் தட்டைத் திறந்தால் வளையத்தைக் காணோம். நான் தட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டுத் தயிர் ஆயிற்றே. இவரோ சின்னப் பிள்ளைபோலச் சிரிக்கிறார். கொல்கிற பொருள் ஒரு புரதம், அதனால்தான் அதை வெட்டினதும் வளையம் போய்விட்டது, தேடியது இதைத்தான் என்று அப்புறம் விளக்கினார். அன்றைக்கு எல்லோருக்கும் மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். இல்லாமல் போனதற்கு விருந்து வைத்த ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் எனக்கு ராஜ வாழ்க்கை. வழிகாட்டிப் பேராசிரியர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "தயிர்க்காரரே" என்பார். சுவரில் ஒட்டிய பெரிய போஸ்டரில் மேனாம்பேடு என்று எங்கள் ஊர்ப் பெயரே இங்கிலீஷில் இருந்தது. அதை போனில் படம் எடுத்துச் சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தி முழுக்கக் காட்டினேன். என் மனைவியிடம் காட்டியபோது அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே பார்த்துவிட்டு, உலையைப் பார்க்கப் போய்விட்டாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மேடம் ஆய்வேட்டை எழுதி முடித்தார். பல்கலைக்கழகம் கொடுத்திருந்த கடைசி நீட்டிப்பில் இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி. அதற்குள் சமர்ப்பிக்காவிட்டால் பதிவே ரத்து, ஆறேழு வருஷ உழைப்பு அவ்வளவுதான். ஆனால் இப்போது அந்தக் கவலை இல்லை. அடுத்த மாதமே கொடுத்துவிடலாம் என்றிருந்தார். அதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்து அக்காவுக்கு ஒரு புடவை வைத்துக் கொடுக்க வேண்டும் என்றார். நான் சந்தோஷமாக வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பொடவைய நான் வாங்க மாட்டேன்" என்றாள். "அது நம்மூட்டுத் தயிரே இல்ல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே சொன்னாள். "வெள்ளிக்கெயமயும் அதுவுமா, வெளக்கு வெச்சாச்சு. தயிர எப்டி வெளிய குடுக்கறது? இல்லேன்னு சொல்லவும் மனசு வர்ல. மொத மொதலா வந்து குந்திகினு கீறாங்க. பின்பக்கமா போயி கடையில பாக்கெட்டு வாங்கியாந்து ஊத்திக் குடுத்துட்டேன். தயிரு தயிருதானே, அதுல இன்னா வந்துடப்போவுதுன்னு."

விளக்கு வைத்த பிறகு தயிரோ, மோரோ, உப்போ வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்பது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். என் அம்மாவும் கொடுத்ததில்லை. நான் அன்று அதே கூடத்தில் உட்கார்ந்து, மேடத்திடம் என் பெருமையை அளந்துகொண்டிருந்தேனே ஒழிய, இது என் மண்டைக்கு எட்டவில்லை. முதலில் கத்தினேன். பிறகு கெஞ்சினேன். யாருக்கும் தெரியாது, வாயை மூடிக்கொண்டு புடவையை வாங்கிக்கொள் என்றேன். நீ சொல்கிறாயா, நான் வந்து சொல்லட்டுமா என்று அவள் கேட்டாள். நானே சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் நாலு நாள் மேடத்தின் கண்ணில் படாமல் குடுவை கழுவினேன்.

அந்த நாலு நாளில் எனக்கு வந்த புத்தியெல்லாம் கேவலமான புத்தி. வளையம் வளையம்தானே, பாட்டிலில் என்ன எழுதியிருந்தால் என்ன என்று யோசித்தேன். ஆனால் இத்தனை வருஷம் அந்த லேபில் குப்பை கொட்டியதில் எனக்கே தெரியும். கடைத் தயிரில் இருப்பது கம்பெனிக்காரன் வாங்கிப் போட்ட உறை. அந்த பாக்டீரியா அவனுக்கு ஏற்கெனவே தெரியும். அதைப் புதிதாகக் கண்டுபிடித்தேன் என்று ஒருத்தர் எழுதிக்கொடுத்தால், என்றைக்காவது யாராவது சிரிப்பார்கள். அன்றைக்கு நான் எந்த மூஞ்சியை வைத்துக்கொள்வேன்.

ஐந்தாம் நாள் ஆட்டோகிளேவ் அறையில் வைத்துச் சொல்லிவிட்டேன். ஆவி போகும் சத்தத்தில் பாதி கேட்காமல் போகட்டும் என்று பார்த்தேன். எல்லாம் கேட்டுவிட்டது. அவர் மூன்று கேள்விதான் கேட்டார். எந்தக் கடை, எந்தப் பாக்கெட், ஊற்றிய டம்ளர் கழுவியதா. எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அழுவதைப் பார்த்து அவருக்குத்தான் சங்கடமாகிவிட்டது.

"எங்கம்மாவும் குடுக்க மாட்டாங்கண்ணா" என்றார். "வெள்ளிக்கிழமை வெளக்கு வெச்சப்புறம் போயித் தயிர் கேட்டது நான். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்ல." எதையும் இன்னொரு முறை பார்க்கிறவர், பிறந்ததிலிருந்து தெரிந்த ஒன்றைப் பார்க்காமல் விட்டுவிட்டார். அன்று முழுக்க அவருக்கு அதுதான் ஆறவில்லை.

என் பேச்சை மட்டும் நம்பி அவர் எதையும் தூக்கிப்போடவில்லை. அதே கடையில், அதே பாக்கெட்டை, வேறு வேறு வாரத்தில் மூன்று முறை வாங்கி வந்தார். மூன்றிலும் அதே பாக்டீரியா இருந்தது, அதே எட்டணா வளையமும் இருந்தது. மூன்றாம் தட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஆய்வேட்டிலிருந்து அந்த அத்தியாயத்தை எடுத்தார். போஸ்டரையும் சுவரிலிருந்து அவரே கழற்றினார். பேராசிரியர் கொதித்துப்போனார். இது மூன்று பேருக்குத்தானே தெரியும், அப்படியே கொடுத்துவிட்டுப் போகலாமே என்றார். மேடம் குரலை உயர்த்தவே இல்லை. "அந்த மூணு பேர்ல நானும் ஒருத்தி சார்" என்றார்.

கையில் இருந்தது ஒரு வருஷம்கூட இல்லை. திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை விடிகாலையில், பாட்டில்களுக்கு நாற்பத்தொன்றிலிருந்து புது நம்பர் போட்டு. ஆறு மணிக்கு ஆவடியிலிருந்து ஐஸ் பெட்டியோடு கிளம்புவார். தயிர் உறைந்து, இன்னும் கரண்டி போடாத நேரம். ஒவ்வொரு வீட்டிலும், இது நீங்க உறை ஊத்தினதுதானா என்று கேட்பார். போன முறை கொடுத்ததும் அப்படித்தானா என்று கேட்பார். அப்போதுதான் தெரிந்தது, கடைத் தயிரை ஊற்றிக் கொடுத்த வீடு எங்களுடையது மட்டும் இல்லை. இன்னும் நாலு வீட்டில் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில் தங்கள் தயிர் புளித்திருந்தது, அதைக் கொடுக்க வெட்கமாயிருந்தது என்றார்களாம். அது என் மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

எங்கள் வீட்டுக்கும் வந்தார். காலை ஆறரை. என் மனைவி முந்தின நாள் இருந்தே பரபரப்பு. பால்காரரிடம் சொல்லிவைத்து வாங்கி, காய்ச்சி, ஆறவைத்து, உறை ஊற்றி, மூடிவைத்த தூக்கை அப்படியே கொண்டுவந்து வைத்தாள். மேடம் பாட்டிலில் எடுத்துக்கொண்டு, கொண்டுவந்த புடவையைக் கொடுத்தார். இது தயிருக்கா என்று அவள் கையை நீட்டாமல் நின்றாள். இல்லை, மறைக்காமல் உண்மையைச் சொன்னதுக்கு என்றார் அவர். மாம்பழக் கலரில் அரக்கு பார்டர். என் மனைவி அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே கேள்விதான். நம்ம தயிர் இன்னாச்சு? நான் பதில் சொல்லவில்லை. எந்தத் தட்டு எந்த வீடு என்கிற தாள் என் பாக்கெட்டில்தானே இருக்கிறது, அவருக்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டுத் தயிருக்கு வளையமே இல்லை. ஊசிமுனை அளவுகூட இல்லை. மேடம் அதைத் திரும்பவும் போட்டார். அதற்கப்புறம் இன்னொரு முறையும் போட்டார். குழியைச் சுற்றிக் கெட்ட கிருமி கொழுகொழுவென்று வளர்ந்திருந்தது. நான் வீட்டில் போய், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிவைத்தேன். மாதக்கணக்கில் அதையே சொன்னேன்.

கடைசியில் ஆவடியைத் தாண்டி முத்தாபுதுப்பேட்டையில் புதிதாகச் சேர்த்த ஒரு வீட்டுத் தயிரில் ஒன்று கிடைத்தது. சின்ன வளையம், மங்கலான வளையம். அதையும் அவர் விடவில்லை. இந்த பாக்டீரியாவைப் பாலில் வளர்த்தால் வளையம் வருகிறது, பால் இல்லாத தீனியில் வளர்த்தால் வரவில்லை. பேராசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். மேடம் அதையே பிடித்துக்கொண்டு ஐந்து மாதம் உட்கார்ந்தார். அந்த பாக்டீரியாவிடம் கொல்கிற சரக்கு எதுவும் இல்லையாம். அது பால் புரதத்தை வெட்டுகிறது, வெட்டியதில் விழுகிற ஒரு துண்டுதான் கெட்ட கிருமியைக் கொல்கிறது. ஆக, வேலை பாலுடையது, கத்திதான் பாக்டீரியாவுடையது. அவர் தேடிய விஷயம் இது இல்லை. ஆனால் கிடைத்தது இதுதான், அதைத்தான் எழுதினார். நீட்டிப்பு முடிய மூன்று நாள் இருக்கும்போது சமர்ப்பித்தார். நான்தான் பைண்டிங் கடையில் உட்கார்ந்து வாங்கி வந்தேன்.

வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். மேடம் போனில் என் மனைவியை அழைத்திருந்தார். அவள் அந்த மாம்பழக் கலர் புடவையைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார். பட்டியலில் பதினாறுக்கு அப்புறம் பதினெட்டு வருகிறதே, இதுபோல இன்னும் நாலு நம்பரைக் காணோமே, அச்சுப் பிழையா என்று கேட்டார். பட்டியலை ஒழுங்காகத் திருப்பி நம்பர் போட்டிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. இவர் வேண்டுமென்றே அந்த இடங்களை விட்டுவைத்திருக்கிறார்.

பிழை இல்லை என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். வெள்ளிக்கிழமை, விளக்கு, கடைப் பாக்கெட், எடுத்துப்போட்ட அத்தியாயம். தப்பு தயிர் கொடுத்தவர்கள் மேல் இல்லை, கேட்கக் கூடாத நேரத்தில் போய்க் கேட்ட தன் மேல்தான் என்றார். எங்கள் பேரைச் சொல்லவில்லை. பேராசிரியர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். தேர்வாளர் ரொம்ப நேரம் எதையோ எழுதினார். அந்த நேரத்தில் அவர் பேனா என்ன எழுதுகிறது என்பதற்காக நான் வேண்டாத சாமி இல்லை. பிறகு அவர் நிமிர்ந்து, காலையில் எடுத்த தயிருக்கும் மாலையில் எடுத்ததற்கும் வித்தியாசம் பார்த்தீர்களா என்று சாதாரணமாக அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

முடிவில், சபையில் யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்பார்கள். அது ஒரு சம்பிரதாயம். நான் பார்த்தவரை யாரும் எதுவும் கேட்டதில்லை, எல்லோருக்கும் வெளியே தட்டில் வைத்திருக்கும் கேசரிமேல் கண். நான் எழுந்திருக்கத் தயாரானபோது என் மனைவி கையைத் தூக்கினாள். இழுத்து உட்காரவைக்கப் பார்த்தேன். அதற்குள் எழுந்துவிட்டாள். எட்டாவது வரை படித்தவள், அத்தனை பேருக்கு நடுவில் நின்றுகொண்டு கேட்டாள். "அப்பால காலையில ஒரு தயிர் குடுத்தேனே மேடம். அதுல எதுனா வந்துச்சா?"

பொய் சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் அமையாது. கொஞ்சம் வந்தது அக்கா என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள். நான் கண்ணாலேயே மேடத்திடம் கெஞ்சினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அவளைத்தான் பார்த்தார்.

"இல்லக்கா. உங்க தயிர்ல அது இல்ல. மூணு வாட்டி போட்டுப் பாத்தேன், மூணு வாட்டியும் வரல."

சரிங்க என்று சொல்லி என் மனைவி உட்கார்ந்தாள். அப்புறம் தேர்வாளர்கள் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து பட்டம் உண்டு என்று அறிவித்ததும், எல்லோரும் கைதட்டியதும், மேடத்தின் வீட்டுக்காரர் கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்ததும் எனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கிறது. மறு வருஷமே அந்த வீட்டுக்காரருக்கு வடக்கே மாற்றலாகி, குடும்பத்தோடு போய்விட்டார்கள். லேபில் இப்போது வேறு பிள்ளைகள் படிக்கிறார்கள். கெட்டிக்காரர்கள்தான். யாரும் கேட் வரை போய்விட்டுத் திரும்பி வருவதில்லை.

வாய்மொழித் தேர்வு முடிந்து வீடு திரும்பிய அன்று, பூந்தமல்லியில் பஸ் மாறி, அம்பத்தூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. என் மனைவி ஜன்னலோரம். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இத்தனை மாதமும் நான் சொன்ன பொய் வேறு உடைந்துவிட்டது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, சபையில் அந்தம்மா கொஞ்சம் நாசூக்காகச் சொல்லியிருக்கலாம், நீ மனசில் வைத்துக்கொள்ளாதே என்றேன்.

அவள் திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னையே நீ ஒரே வாட்டிதான் பாத்துட்டுக் கட்டிகினே" என்றாள். "என் தயிர அந்தம்மா மூணு வாட்டி பாத்துகீறாங்க."

கண்டக்டர் வந்து நின்று டிக்கெட் கேட்டார். நான் பாக்கெட் ஊக்கைக் கழற்றிக் காசை எடுத்து, மேனாம்பேடு ரெண்டு என்றேன்.